அழுதால் மூடவேண்டிய பஞ்சு

தாழ்வான மரப்பொந்தில் இருந்த அணிலுக்கு, கண் திறக்காத குட்டியை விட்டு இரை தேடப் போகவே பயம். தோட்டத்து இயந்திரம் காவலுக்கு வந்தது. ஆனால் விடிந்தால் அதற்கு எல்லாம் மறந்துவிடும். பொந்துக்குப் பக்கத்தில் மாட்டிய பலகையில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் எதையும் செய்யும். அதனால் அணில் எழுதி வைத்தது: "என் குட்டி அழுதால் பஞ்சால் மூடு. பக்கத்திலேயே இரு."

ஒருநாள் அணில் திரும்பியபோது, கூட்டிலிருந்து விழுந்த மைனாக் குஞ்சு மழையில் நனைந்து கதறிக்கொண்டிருந்தது. இயந்திரம் அசையாமல் நின்றது.

"கல்லு மாதிரி நிக்கிறியே, காது கேக்கலையா?"

"கேக்குதுக்கா. ஆனா இது உங்க குட்டி இல்லையே."

அணில் உடனே குஞ்சைப் பஞ்சுக்குள் பொதிந்து வைத்தது. பிறகு பலகையில் ஏறி, "என்" என்பதைப் பல்லால் சுரண்டி எடுத்தது.

மறுநாள் எங்கும் இரை கிடைக்கவில்லை. வெறுங்கையோடு வந்த அணில் பொந்து வாசலில் உட்கார்ந்து அழுதது. இயந்திரம் பலகையைப் படித்தது. பஞ்சை எடுத்துவந்து அணிலின் மேல் மூடியது.

"அட, நான் குட்டி இல்லப்பா!"

"உங்களையும் ஒரு அம்மாதானேக்கா பெத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, இயந்திரம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.