தூக்கிய கால்

பூங்கோதையின் மாயாஜால நாவல், மூடிய கதவுக்கு வெளியே யாளி ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்பதோடு முடிந்திருந்தது. அது உள்ளே வருமா, திரும்பிப் போகுமா என்பதை அவள் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஆனால் அச்சுக்குப் போகும்முன் வந்த புரூஃபில் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘யாளி காட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. முற்றும்.’

பக்கங்களை வடிவமைத்த செல்வினின் அறைக்கே போய்விட்டாள்.

“இதை யாரு சேர்க்கச் சொன்னது? பதிப்பாளரா?”

“யாரும் சொல்லலை மேடம். நான்தான் சேர்த்தேன். கடைசிப் பக்கத்தை லேஅவுட் பண்ணினதுலேருந்து அந்த யாளி இந்த வாசல்லயே நின்னுச்சு. இந்த வரியைப் போட்டேன், போயிருச்சு.”

நல்ல கதை என்று நினைத்துக்கொண்டாள். முடிவு பிடிக்காத பதிப்பாளர்தான் இப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார். அவன் முகத்தையே பார்த்தபடி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

செல்வின் தடுக்கவில்லை. நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அப்போ நீங்களே போய்க் கதவைத் திறங்க மேடம்.”

கதவடியில் மதிய வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது. அதை மூன்று கால்கள் மறித்திருந்தன.