சாமிக்கு ஒரு பிராது

"பேசறது ஒண்ணு, பண்றது ஒண்ணா தேவநாதன்?"

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமை இல்லாமல் கத்தினார் சீனுவாசன். விழுப்புரம் பகுத்தறிவு மன்றச் செயலாளர். கத்துவது அவருக்குக் கைவந்த கலை.

தேவநாதன் தலை நிமிரவில்லை. கல்லூரியில் மேல்நாட்டுத் தத்துவம் நடத்துபவர், விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு முனீஸ்வரன் கோயில் வாசலில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். எதிரில் குறை சொல்ல வந்த அஞ்சம்மாள்.

அந்தக் கோயிலில் குறையை வாயால் சொன்னால் போதாது. மனுவாக எழுதிச் சூலத்தில் கட்ட வேண்டும். அதற்குப் பிராது என்று பேர். எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிறுதோறும் தேவநாதன் எழுதித் தருகிறார் என்று யாரோ சீனுவாசனிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"மனுஷன் தன் ஏக்கத்தையே மேல ஏத்தி வெச்சு, அதுக்கு சாமின்னு பேர் குடுத்துட்டான். ஐரோப்பாவுல போன நூற்றாண்டுலயே கண்டுபிடிச்சிட்டாங்க. போன வாரம் மன்றத்துல பேசினீங்களா, இல்லையா?"

"பேசினேன். அந்தம்மா சொல்லி முடிக்கட்டும், இருங்க."

அஞ்சம்மாளுக்கு ஐரோப்பா காதிலேயே விழவில்லை.

"எழுதிக்கோங்க வாத்தியாரே. என் புள்ள பூமாலை, எம்பத்தி மூணுல போனவன். அவன் இஷ்டப்பட்ட பொண்ண நான் வாணாம்னேன். கட்டிக்கினு பம்பாய்க்குப் பூட்டான். ஒவ்வொரு தபாவும் மல்லாட்டை புடுங்கறப்ப அவனுக்குன்னு ரெண்டு படி கடல எடுத்து வெக்கிறேன். புழு வெச்சதும் கொட்டிடறேன். மருமவளையும் இட்டுக்கினு வரச் சொல்லு முனீஸ்வரா. அவள நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

சீனுவாசன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கிட்டே வந்தார். "இதை அவனுக்கே லெட்டராப் போடலாமேம்மா?"

"அவங்கிட்ட நானா எறங்கிப் போறதா? செத்தாலும் மாட்டேன். சாமிகிட்டதான் சொல்வேன்."

முந்தானை முடிச்சிலிருந்து கசங்கிய சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "அவன் கூட்டாளி குடுத்த விலாசம். இதையும் எழுதிடுங்க. சாமி பம்பாயில தேடிக்கினு அலையக் கூடாது பாருங்க."

எழுதிய தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

சீனுவாசன் மறுபடி சீறினார். "பாவம், அவங்க ஏக்கத்துல விளையாடறீங்களே! சூலத்துல கட்டின காகிதம் பம்பாய்க்குப் போவுமா? இன்னிக்கே மன்றத்துலேர்ந்து உங்க பேரை அடிச்சிடறேன்."

"அடிச்சிடுங்க. ஆனா நான் பேசினதுல பாதியை விட்டுட்டீங்க. மேல ஏத்தினதை மறுபடி மனுஷங்கிட்டயே எறக்கணும்னும் அந்த ஐரோப்பாக்காரங்க சொன்னாங்களே."

தேவநாதன் அட்டையில் மிச்சமிருந்த கார்பன் தாளை விலக்கினார். அதன் அடியில் இருந்த நகலை மடித்து, ஸ்டாம்பு ஒட்டிய உறைக்குள் வைத்து ஒட்டினார். சீட்டைப் பார்த்து, உறையின் மேல் பூமாலையின் பம்பாய் விலாசத்தை எழுதினார்.

"போற வழியில இதைத் தபால் பெட்டியில போட்டுடுங்க சீனுவாசன். அந்தம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."