மூன்றாம் அணையில் எடுத்த தண்ணீர்

காலை வெயில் சுரங்கத்தின் மூன்றாம் அணைமேல் சாய்ந்து விழுகிறது. நிலக்கரிக் குழியிலிருந்து இறைத்த தண்ணீர் இங்கேதான் தேங்குகிறது. இரண்டு வருடமாகத் துரு நிறத்தில் அமிலமாகவே கிடந்த தண்ணீர். கொட்டித் தீர்த்த சுண்ணாம்பின் வெற்றுச் சாக்குகள் கரையில் மலையாகக் குவிந்திருக்கின்றன. மாதிரி எடுக்கிற பெண் மிதவைப் பாலத்தில் மண்டியிட்டு, பாட்டிலை மூன்று முறை அதே தண்ணீரில் அலசி, நான்காம் முறை முக்கி எடுக்கிறாள். மீட்டர் ஏழு காட்டுகிறது; அமிலம் முறிந்துவிட்டது என்று அர்த்தம். "மீட்டர் ஆயிரம் சொல்லும்மா. அத நம்பி நான் கால்கூட நனைக்க மாட்டேன்," என்று கரையிலிருந்து சிரிக்கிறார் பம்ப் ஓட்டுகிற அண்ணன். "கொசுகூட எட்டிப் பாக்காத தண்ணி இது." அவள் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்குகிறாள். உள்ளே கறுப்பாக ஒரு புள்ளி. கரித்தூளா? புள்ளி வாலை ஆட்டுகிறது. "அண்ணே, ஓடி வாங்கண்ணே!" பாலம் குலுங்க ஓடிவந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கண்ணைப் பாட்டிலோடு ஒட்டவைத்துப் பார்க்கிறார். "அடி சக்கை! தலைப்பிரட்டை!" உயிருள்ளது ஏதாவது பாட்டிலில் விழுந்தால் மாதிரி செல்லாது, கொட்டிவிட்டு வேறு எடுக்க வேண்டும் என்பது விதி. இத்தனை நாளில் அந்த விதிக்கு வேலையே வந்ததில்லை. அவள் பாட்டிலை மெல்லச் சாய்த்து அதைத் தண்ணீருக்குள் வழியனுப்புகிறாள். அண்ணன் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாலத்தின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் அணைக்குள் விடுகிறார். அவள் ஈரக்கையோடு பதிவேட்டைத் திறந்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதுகிறாள்: மாதிரி செல்லாது. காரணம், தலைப்பிரட்டை.