குலசிங்கம், நாரந்தனை

“பிள்ளை, செத்த வீடு இதுதானே?”

லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டு வந்தவன் கேட்டான். கனடாவிலிருந்து ஆரோ விடியவே போன் எடுத்துச் சொன்னவையாம்.

ஸ்கூட்டியை விட்டு இறங்கிய பிரேமினி கதிரைகளையும் கேற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கதிரையே வந்துவிட்டது. அப்படியென்றால் குலசிங்கம் ஐயா உண்மையாகவே போய்விட்டாரா?

எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை.

போன கிழமை ஊர்காவற்துறையில் எடுத்தது. வீட்டுக்குத் தெரிந்த குலசிங்கம் ஐயா சைக்கிளைப் பிடித்தபடி பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கிறார். பின்னால் ஓட்டோ, மின்கம்பிகள், சொறிந்துகொண்டிருக்கும் ஒரு நாய். முன்னால் வீதியோர வைரவர், அவருக்கு ஒரு விளக்கு. எவரும் திரும்பிப் பார்க்காத தெருப் படம்.

அப்படிப்பட்ட படம்தான் பிரேமினிக்கு வேண்டும். போனிலேயே வெட்டி, அழித்து, நிறம் மாற்றி, வேறொன்றாக்கித் தன் பேஸ்புக் பக்கத்தில் போடுவாள். அல்லைப்பிட்டி வீதியில் படுத்திருந்த மாட்டைக் கடலுக்கு மேலே பறக்கவிட்டவள் அவள்தான். வெளிநாட்டில் இருக்கும் தீவுச் சனமெல்லாம் விழுந்தடித்துக்கொண்டு பார்க்கும்.

நாயை அழித்தாள். ஓட்டோவை அழித்தாள். கம்பிகளைத் துடைத்தாள். சைக்கிளும் போயிற்று. வைரவரையும் விடவில்லை; விளக்கு மட்டும் மிஞ்சியது.

பின்னணியை ஒரே கறுப்பாக்கினாள். முகத்தில் வெளிச்சத்தைக் கூட்டினாள். மனுசனுக்கு அப்படியொரு களை வந்தது. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, விளக்கின் சுடர் மட்டும் மஞ்சள். கீழே ‘குலசிங்கம், நாரந்தனை’ என்று எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தாள்.

என்ன வடிவு! தன் கைவேலையைப் பார்த்துத் தானே மயங்கிவிட்டாள்.

கறுப்புப் பின்னணி, முன்னால் விளக்கு, கீழே பேரும் ஊரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு அது என்ன கோலம் என்று விளங்காமல் போனதே! மதிலுக்கு மதில் செத்த வீட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்க, அதைப் பார்த்துத்தானே பள்ளிக்கூடம் போய் வந்தவள்!

காலையில் போனைத் திறந்தால் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’. ‘ஐயாவின் ஆத்மா சாந்தியடையட்டும்’. சுவிஸில் ஒருவர் அதே படத்துக்கு மாலையும் போட்டு, இரண்டு புறாவையும் பறக்கவிட்டு, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதித் திரும்பவும் போட்டிருந்தார். அதைத்தான் ஊர் உலகமெல்லாம் பகிர்ந்துகொண்டிருந்தது.

ஐயாவின் நம்பருக்கு எடுத்தாள். பிஸி. திரும்பவும் எடுத்தாள். பிஸி. பிறகு அடித்து அடித்து ஓய்ந்தது.

உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நாரந்தனைக்குப் பறந்தாள்.

போன வருசம்தான் மனுசனுக்கு இருதய ஒப்பரேஷன் நடந்தது. மனைவி செத்தபிறகு வீட்டில் தனி. ஒரே மகன் ஜெயரூபன் பிரான்சில். கலியாணக் கதையில் தகப்பனோடு கொழுவிக்கொண்டு போனவன். தாயின் செத்த வீட்டை வீடியோவில் பார்த்து அழுதவன், அன்றைக்குக்கூடத் தகப்பனோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

தன்னுடைய சாவைத் தானே போனில் பார்த்தால் அந்த நெஞ்சு தாங்குமா? ஐயோ கடவுளே, படம் போட்டே ஒரு மனுசனைக் கொன்றுபோட்டேனா?

கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வேப்பமரத்தின் கீழ், கதிரையில், சறமும் பெனியனுமாகக் குலசிங்கம் இருந்தார். போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.

உயிரோடு!

பிரேமினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“ஐயா, தெரியாமல் செய்துபோட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இப்பவே அழிக்கிறன். பிழையெண்டு எல்லாருக்கும் எழுதிவிடுறன்.”

“அவசரப்படாதையும்,” என்றார் அவர். தலை நிமிரவில்லை.

இனி ஏச்சு வரும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வரவில்லை. விரல் மட்டும் ஓடியது. ஒவ்வொரு அனுதாபத்திலும் நின்று, பேரை வாசித்துவிட்டு, அடுத்ததற்குப் போனார். இடையில் இரண்டு தரம் போன் அடித்தது. ஆரென்று பார்த்துவிட்டு வெட்டினார்.

தன்னுடைய செத்த வீட்டுக்கு ஆர் வந்தது, ஆர் வரவில்லை என்று பார்க்கிறாராக்கும்! இங்கே ஒருத்தி செத்துப் பிழைத்து நிற்கிறாள், இவருக்கு இதுவா இப்போது முக்கியம்? அவளுக்குக் கோபம்கூட வந்தது. கேற்றடியில் கதிரைக்காரன் இறக்குவதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

போன் மறுபடியும் அடித்தது.

இந்த முறை அவர் வெட்டவில்லை. கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். திரையில் ‘ரூபன்’ என்று இருந்தது.

“எடுங்கோ ஐயா! சுகமா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. பாவம், அவர் அங்க துடிச்சுக்கொண்டு நிப்பார்.”

குலசிங்கம் போனை அவளிடம் நீட்டினார்.

“நீர் எடும் பிள்ளை. என்ர குரலைக் கேட்டானெண்டால் வைச்சிடுவான்.”

பிரேமினி பச்சையை அழுத்தினாள். தனக்கும் கேட்கும்படி சத்தமாகப் போடச் சொல்லி அவர் கையைக் காட்டினார். பிறகு கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்து இருந்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.