சொன்னால் கேட்கும் டிவி

கடையில் பங்கயத்தின் கணவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே விலை குறைந்த டிவியை இடது கையால் காட்டினார். பக்கவாதம் வந்தபின் அந்தக் கைதான் அசைகிறது, பேச்சு போய்விட்டது. முப்பது வருஷம் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு செய்தியே பார்த்தவர். அவள் பாட்டு வைக்கச் சொன்னால் “வாயை மூடு” என்பார்.

“அதுல பட்டனை அமுக்கணும்மா. இது விலை கூட, ஆனா வாயால சொன்னா போதும், மாத்திரும்” என்றார் கடைக்காரர்.

“இதையே போடுங்க. ரிமோட்டை நீங்களே வச்சுக்கங்க.”

வீட்டுச் சுவரில் மாட்டியதும் பங்கயம் பாட்டுச் சேனலின் பெயரைச் சொன்னாள். படம் மாறியது. அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் காதருகே குனிந்தாள்.

“நியூஸா? வாயைத் திறந்து கேளுங்க.”