ஆறு நிமிட நடை

இரண்டாம் முறை திரும்பும்போதுதான் அவர் மனைவியைக் கவனித்தார்.

பின்னால் வந்துகொண்டிருந்தாள். கையில் எக்ஸ்ரே கவர், தோளில் தண்ணீர் பாட்டில் வைத்த பை.

பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்தாள். அவர் நாலு எட்டு வைத்ததும் எழுந்துவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் நடந்தால் பின்னால் நடப்பது அவளுக்குப் பழக்கம்.

"சரி, வாங்கம்மா. ஆனா பேச்சுக் குடுக்கக் கூடாது," என்றாள் கடிகாரம் பிடித்திருந்த பிசியோதெரபிப் பெண்.

ஆஸ்பத்திரி வராந்தா. இந்தக் கோடியில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு, அந்தக் கோடியில் ஒன்று. நடுவே முப்பது மீட்டர். ஆறு நிமிடத்துக்குள் எவ்வளவு நடக்க முடிகிறதோ அவ்வளவு நடக்க வேண்டும்.

போன முறை முந்நூற்றுப் பத்து மீட்டர்.

இந்த முறை முந்நூறுக்குக் கீழே இறங்கினால் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்ன பேச வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

கேட்காவிட்டால் தெரியாதா என்ன? கல் அரைக்கும் மில்லில் இவரோடு வேலை பார்த்த மூன்று பேரிடம் டாக்டர்கள் அப்படி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மூன்று பேருமே இப்போது இல்லை.

அதனால் வீம்பாக நடந்தார்.

மூன்றாவது திருப்பம். மனைவி எதிரே வந்தாள், கூம்புக்குப் பக்கத்திலேயே.

நான்கு.

ஐந்து.

"நல்லா நடக்கறீங்கய்யா. இன்னும் மூணு நிமிஷம் இருக்குது."

நெஞ்சு அடைத்தது. சொல்லிக்கொடுத்தபடி உதட்டைக் குவித்து ஊதினார்.

ஆறாவது முறை திரும்பிப் பத்து எட்டு வைத்த பிறகுதான் அவளைக் கடந்தார். ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பின்தங்குகிறாள். அப்படியென்றால் இவர் வேகமாக நடக்கிறார். முந்நூற்று இருபதுகூட வந்துவிடும்.

ஏழு. அவள் ஒரு கை சுவரில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு, சந்தை, ரேஷன் கடை, சாவு வீடு. எங்கே போனாலும் அவர் முன்னால், அவள் பின்னால். "வெரசலா வா" என்று திரும்பாமலேயே சத்தம் போடுவார். வந்துவிடுவாள். எப்படி வந்தாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

இங்கே முப்பது மீட்டருக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருந்தது.

எட்டு.

அவளும் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒன்பது.

திரும்பினார். அவள் பாதி வராந்தாவில் நின்றுவிட்டிருந்தாள். எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்து, சுவரில் சாய்ந்து.

"கடைசி ஒரு நிமிஷங்கய்யா."

போன முறை அளவைத் தொட இன்னும் நாற்பது மீட்டர். நடந்துவிடலாம். காலில் தெம்பு இருந்தது. மூச்சையும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும்.

மில்லில் அவர் மிஷினில் நின்று வெள்ளைக்கல்லை அரைத்தார். அரைத்த கல்மாவு கொட்டும் இடத்தில் அவள் மூட்டை பிடித்தாள். பத்தொன்பது வருஷம். ஒரே ஷெட், ஒரே தூசி.

இருமல் முதலில் வந்தது அவருக்கு. எக்ஸ்ரே எடுத்தது அவருக்கு மட்டும்.

பயமாக இருந்தது. தனக்காக அவர் இதுவரை இப்படிப் பயந்ததில்லை.

மனைவியிடம் போய் நின்றார்.

அவளுக்கு மூச்சு இரைத்தது. பேச முடியவில்லை. போங்க, போங்க என்று கையை மட்டும் ஆட்டினாள். கோபமாகத்தான் ஆட்டினாள். முந்நூறு என்ற கணக்கு அவளுக்கும் தெரியும்.

அவர் போகவில்லை. தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"நிக்காதீங்கய்யா! டைம் ஓடிட்டிருக்குது!"

ஓடட்டும் என்று நின்றார்.

கடிகாரம் கீச்சிட்டது.

பிசியோதெரபிப் பெண் வந்து அவர் நின்ற இடத்தை அளந்தாள். இருநூற்று எண்பத்தைந்து. தாளில் குறித்துக்கொண்டாள். அதற்கடுத்த கட்டத்தில், நடுவில் நின்றதற்குக் காரணம் எழுத வேண்டும்.

"நல்லாத்தான நடந்தீங்க. ஏனுங்கய்யா நின்னுட்டீங்க? மூச்சு வாங்குச்சுங்களா?"

"ஆமாங்க அம்மணி."

அந்தப் பெண் எழுத ஆரம்பித்தாள்.

"எனக்கில்லீங்க," என்றார்.