ஊதினது யாரு

டிரைவரின் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சார் கேட்டார்: "ஊதினியா?"

வகுப்பே சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்வது? இந்தச் சமுதாயக் கல்லூரிக்குக் கிருமிப் பாடம் எடுக்க வருவதற்கு முன் சார் போலீசில் இருந்தவர். லாரிகளை ஓரங்கட்டி, ஓட்டுகிறவர்களை ஊதச் சொல்லி, குடித்திருக்கிறார்களா என்று மோப்பம் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். எங்கள் டிரைவரோ லாரியை விட்டுவிட்டு, நரைத்த மீசையோடு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்க வந்தவர்.

"மைக்ரோஸ்கோப்புல பார்த்துட்டேன்யா. இது வாயில குடியிருக்கிற கிருமி. கிருமிய தொட்டெடுக்கிற கம்பிய சுட்டுட்டு, தானா ஆறவிடாம ஊதியிருக்கே."

தட்டைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பாலிலிருந்து எடுத்த கிருமி புள்ளி புள்ளியாக வளர வேண்டிய இடத்தில், கூப்பிடாத சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து கால் நீட்டிப் படுத்திருந்தார்கள்.

டிரைவர் வாயைத் திறக்கவில்லை.

திறந்தால், பரீட்சையன்று பாதியில் எழுந்து போனதும் சேர்ந்து வெளியே வரும். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போன். சார் அடுத்த அறைக்குப் போன சமயம் பார்த்து, "அக்கா, என்னோட தட்டையும் நீங்களே போட்டுடுங்க" என்று பக்கத்து மேசையில் கிசுகிசுத்துவிட்டு நழுவியவர் அவர்.

அக்கா என்றால் கேன்டீன் அக்கா. ஆஸ்பத்திரி கேன்டீனில் பால் காய்ச்சி, கஞ்சி ஆற்றி, அலுத்துப்போய் அறிவியலுக்கு வந்தவள். கையில் எது கிடைத்தாலும் உதட்டருகே கொண்டுபோய் ஒரு 'ஃபூ'. சேர்ந்த புதிதில் பச்சைத் தண்ணீரைக்கூட ஊதிக் குடித்தாள். நான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வெள்ளைக் கோட்டின் பொத்தானைத் திருகித் திருகி, அது கையோடு வந்துவிட்டது.

வராதா பின்னே? பால் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் இடம் காலி. இந்தப் பரீட்சையில் யாருடைய தட்டு எல்லோருடையதையும்விடச் சுத்தமாக வருகிறதோ அவர் பெயரைத்தான் சார் அனுப்புவார். டிரைவருக்குத்தான் என்று நாங்கள் எப்போதோ முடிவு கட்டிவிட்டோம். வாசல் பெருக்குகிறவர்கூட அவரிடம் மிட்டாய் எப்போது என்று கேட்டாயிற்று.

அக்கா மெல்ல அவர் பக்கம் நகர்ந்தாள். நானும் காதை நகர்த்தினேன்.

"பழக்கதோஷம், தம்பி. என்னையறியாம ஊதிட்டேன் போல. சார்கிட்ட நானே சொல்லிடறேன்."

"விடுங்கக்கா. காலமெல்லாம் கஞ்சி ஆத்தின வாய். அதுக்கு என்ன தெரியும்?"

அந்த மனுஷன் அப்படி. லாரிக்குக் குறுக்கே வந்தவனிடம்கூட மன்னிப்புக் கேட்டிருப்பார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான்கூட உருகிப்போனேன். வம்பு கேட்க வந்தவளுக்கு அழுகை வந்தால் என்ன மானக்கேடு!

அதற்குள் சார் கடைசித் தட்டை எடுத்துவிட்டார். அடியில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். அக்காவுடையது.

விளக்குக்கு நேரே பிடித்தார். "அடடா!"

கடுகைப் பொறுக்கி ஒவ்வொன்றாக வைத்ததுபோல் தனித்தனிப் புள்ளிகள். வேண்டாதது ஒன்று இல்லை.

"வேலைன்னா இது. கம்பிய சுட்டுட்டு, பொறுமையா ஆறவிட்டிருக்காங்க பாருங்க."

முதலில் கைதட்டப் போனது டிரைவர்தான். தூக்கிய கைகள் சேராமல் நடுவிலேயே நின்றன.

அக்கா உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.